46 ஆண்டுக் காத்திருப்பு, ஒரு கிட்டார் கலைஞரின் பிடிவாதம்: ஷக்தி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் 30ஆம் தேதி, இந்திய இசையையும் ஜாஸையும் கலந்து வாசிக்கும் ஷக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் வெளிவந்தபோது அதன் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுக்கு வயது 81. அதற்கு முன் ஷக்தி என்ற பெயரில் ஸ்டுடியோவில் பதிவான ஆல்பம் 1977ல் வந்த ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. நடுவில் 46 வருடம். இவ்வளவு நாள் கழித்து வரும் ஆல்பத்தை யாரும் வெறும் காதோடு கேட்பதில்லை, ஒவ்வொருவரும் மனதுக்குள் அதை முன்கூட்டியே வாசித்து முடித்துவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டுகிறார்கள்.

சென்னையில் அதற்காகக் காத்திருந்தவர்களை நான் இரண்டு கூட்டமாகப் பார்த்தேன். ஒன்று கிட்டார் கூட்டம். ராக்கில் தொடங்கி ஜாஸுக்கு வந்தவர்கள், மெக்லாஃப்லினின் வேகத்தை மெதுவாக்கிப் போட்டு ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்துப் பழகியவர்கள். இன்னொன்று சபா கூட்டம். இவர்களுக்கு மெக்லாஃப்லின் அறிமுகமானதே கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் வழியாக, அப்புறம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வழியாக. முதல் கூட்டம் 1975ன் தீயை எதிர்பார்த்தது. இரண்டாவது கூட்டம் ஸ்ரீனிவாஸ் இருந்த காலத்து ஷக்தியை எதிர்பார்த்தது. வந்த ஆல்பம் இந்த இரண்டில் எதுவும் இல்லை. அது ஏன் அப்படி வந்தது, அப்படி வரவைக்கிற சுதந்திரம் ஒரு கலைஞருக்கு எங்கிருந்து கிடைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைப்புச் சுதந்திரம் என்றதும் நாம் ரெக்கார்ட் கம்பெனியை வில்லனாக்கிப் பேசுகிறோம். மெக்லாஃப்லின் விஷயத்தில் அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. கடைசி வரை மிச்சமிருந்த கட்டு, ஆசையோடு காத்திருக்கிற நாம்தான்.

1975ல் நடந்தது

மெக்லாஃப்லின் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1942ல் பிறந்தவர். 1969ல் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிட்ச்சஸ் ப்ரூ’ என்ற இரண்டு ஆல்பங்களிலும் வாசித்தார். இரண்டாவதில் ஒரு உருப்படிக்கு மைல்ஸ் வைத்த பெயரே ‘ஜான் மெக்லாஃப்லின்’. 1971ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவைத் தொடங்கினார். இரட்டைக் கழுத்து கிப்சன் கிட்டார், காதைக் கிழிக்கிற ஆம்ப் (ஒலிபெருக்கி), ஏழும் ஒன்பதும் பத்தொன்பதுமாக ஓடும் கணக்கு. பாட்டே இல்லாத, எண்ணத் தெரியாதவனுக்குக் காலே தட்ட வராத இசை, ஆனாலும் 1973ல் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 15வது இடம் வரை ஏறியது. 1974ல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு ஆல்பம், தயாரிப்பு பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் மார்ட்டின். இதற்கு மேல் ஒரு கிட்டார் கலைஞர் என்ன கேட்க முடியும்?

அந்த இடத்தில்தான் அவர் மின்சாரத்தை அணைத்தார். 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோடு, எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம் சூழ வாசித்தார். அந்தப் பதிவுதான் ஷக்தியின் முதல் ஆல்பமாக 1976ல் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனி மூலம் வந்தது. டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை, ஆம்ப் இல்லை. அவருடைய பிழைப்பைச் சுற்றியிருந்த வியாபாரக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதை அவரே பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிடிக்காததில் ஆச்சரியமும் இல்லை. ஸ்டேடியம் நிரம்புகிற ஒரு குழுவின் தலைவன் திடீரென்று கடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மேனேஜருக்குத் தலை சுற்றத்தான் செய்யும்.

இதைத் திடீர் ஆசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அதற்கு முன்னால் நடந்த உழைப்பு பலருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நம்ம சங்கீத கலாநிதி எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றார். உலகமே கொண்டாடுகிற ஒரு கிட்டார் வித்வான், இன்னொரு வாத்தியத்தில் ஆரம்பப் பாடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். வீணையில் மெட்டின் மேல் (தந்தியை அழுத்தும் குறுக்குப் பட்டையின் மேல்) தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் பேசும், ஸ்வரத்தை அசைக்கிற நம் கமகத்தின் உயிரே அந்த இழுப்பில்தான். சாதாரண கிட்டாரில் அந்த அளவுக்கு இழுக்க முயன்றால் விரல் நுனி மரத்தில் உரசி நின்றுவிடும். அதனால் அவருக்காக ஏப்ரஹாம் வெக்டர் என்ற கிட்டார் தச்சர் கிப்சன் நிறுவனத்துக்காக ஒரு வாத்தியம் செய்தார். மெட்டுகளுக்கு நடுவில் இருக்கிற மரம் குழியாகச் செதுக்கப்பட்டிருக்கும், விரல் மரத்தைத் தொடாது, தந்தியை மட்டும் தொடும். ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு அனுசுரத் தந்திகள் (மற்ற தந்திகள் ஒலிக்கும்போது தாமும் அதிர்பவை), சிதாரில் இருக்கிற தரப் தந்திகள் மாதிரி, தேவைப்படும்போது விரலால் ஒரு வருடு வருடினால் சுருதி மொத்தமாக எழும்பும். இந்தக் கிட்டாரின் படத்தைத் தேடிப் பாருங்கள். சுதந்திரம் என்பதை அவர் பேச்சில் வைத்துக்கொள்ளவில்லை, மரத்தில் செதுக்க வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் மகாவிஷ்ணுவில் சம்பாதித்த பெயரும் காசும் இருந்தது. அதை மறைத்துவிட்டு ‘மனசு சொன்னபடி நடந்தார்’ என்று எழுதினால் அது பாதிக் கதை. ஷக்தி மூன்று ஆல்பங்களோடு கலைந்தது. 1978ல் அவர் வெளியிட்ட அடுத்த ஆல்பத்தின் பெயர் ‘எலெக்ட்ரிக் கிட்டாரிஸ்ட்’. அந்தப் பெயரை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். நான் அதைச் சந்தையோடு செய்துகொண்ட ஒரு சமாதானமாகவும் படிக்கிறேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சென்னை வழி

விக்கு விநாயக்ராம் அமெரிக்க மேடைகளிலிருந்து திரும்பி வந்தது, தன் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் 1958ல் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்ய வித்யாலயாவுக்கு. அங்கே உருவான தலைமுறைதான் பிற்பாடு ஷக்தியை உயிர்ப்பித்தது என்பது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1997ல் ‘ரிமெம்பர் ஷக்தி’ என்ற பெயரில் குழு மறுபடி மேடையேறியது, முதலில் விக்குவோடு. அடுத்து அவர் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார், கூடவே மாண்டலின் ஸ்ரீனிவாஸ், பிறகு சங்கர் மகாதேவன்.

இந்த மறுபிறவியிலேயே மெக்லாஃப்லின் ஒரு எதிர்பார்ப்பை உடைத்தார், அதை அப்போது பலர் கவனிக்கவில்லை. அந்தத் தரப் தந்திக் கிட்டாரைக் கையில் எடுக்கவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரோடுதான் உட்கார்ந்தார். பழைய ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இது இன்று வரைக்கும் வருத்தம். ஆனால் பக்கத்தில் ஸ்ரீனிவாஸ் வாசித்ததும் மின்சார மாண்டலின்தானே! இரண்டு எலெக்ட்ரிக் வாத்தியங்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்போது எது எது என்று பிரிக்க முடியாத இடங்கள் அந்த நேரடிப் பதிவுகளில் இருக்கின்றன.

2007ல் அவர் சென்னைக்கே வந்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். 2008ல் வெளிவந்த ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’. இங்கே வந்து பதிவு செய்தார் என்றதும் யாராக இருந்தாலும் கர்நாடக இசைக் கலவை என்றுதான் நினைப்பார்கள். அவர் செய்தது முழுக்க மின்சார ஜாஸ். டிரம்ஸில் ரஞ்சித் பரோட், கீபோர்டில் லூயிஸ் பேங்க்ஸ், தாளவாத்தியத்தில் சிவமணி, விருந்தினர்களாக ஸ்ரீனிவாஸின் தம்பி யு. ராஜேஷும் புல்லாங்குழல் ஷஷாங்கும். நம் ஊர் கலைஞர்களை ‘இந்திய நிறம்’ பூசுவதற்காகக் கூப்பிடவில்லை, ஜாஸ் வாசிக்கக் கூப்பிட்டார். இந்த ஆல்பம் நம் ஊரிலேயே அதிகம் பேசப்படவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

2014 செப்டம்பர் 19ஆம் தேதி சென்னையில் ஸ்ரீனிவாஸ் காலமானார், 45 வயதில். அந்த வாரம் மயிலாப்பூரிலும் வடபழனியிலும் இசைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் பேச்சு அது ஒன்றுதான். ஷக்தி அதோடு முடிந்தது என்றே பலரும் எழுதிவிட்டோம்.

கார்டும் ராகமும்

2020ல் மெக்லாஃப்லினும் சங்கர் மகாதேவனும் ஜாகிர் உசேனும் சேர்ந்து ‘இஸ் தட் ஸோ?’ என்றொரு ஆல்பம் வெளியிட்டார்கள். ஷக்தியின் பெயரில் இல்லாவிட்டாலும், 2023ல் வந்ததற்கு விதை இதில்தான் இருக்கிறது. ராகத்தில் பாடும் குரலுக்கு அடியில் மேற்கத்திய கார்டுகளை (பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்க வைப்பதுதான் கார்டு), கிட்டார் சிந்தசைசரில் ஒரு ஆர்கெஸ்ட்ரா மாதிரி, அவர் விரித்துக்கொண்டே போகிறார். சபா கூட்டத்துக்கு உறுத்திய இடம் இது, எனவே இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். கச்சேரியில் தம்புரா சட்ஜத்தை (ச) பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் எங்கே சுற்றினாலும் அது மோகனம்தான். இப்போது பாடுகிறவர் அதே மோகனத்தைப் பாடட்டும், கிட்டார் மட்டும் அடியில் தைவதத்தை (த) ஆதாரமாக வைக்கட்டும். அதே ஐந்து ஸ்வரங்கள், ஆனால் காதுக்குச் சுத்த தன்யாசி ராகம் நிழலாடும். ரிஷபத்தை (ரி) அடியில் வைத்தால் மத்யமாவதி ராகம் எட்டிப் பார்க்கும். நம் மரபில் இதற்குக் கிரக பேதம் என்று பேர், பெரிய வித்வான்கள் ஆலாபனையில் ஒரு மின்னல் மாதிரி காட்டிவிட்டு சட்ஜத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கார்டு வைப்பவர் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை, நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) அங்கேயே உட்காரலாம். பாடுகிறவர் நகரவே இல்லை, தரை நகர்ந்துவிட்டது. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இந்த உணர்வு பெயர் தெரியாமலே பழக்கம்.

எதிர்ப்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) எடுங்கள், அது ஓரிடத்தில் நிற்கவே நிற்காது, அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உருவம். அதன் அடியில் அசையாத காந்தாரம் கொண்ட ஒரு கார்டைப் போட்டால் இரண்டும் மோதும். இதற்கு இருக்கிற வழி, கார்டில் எல்லா ஸ்வரத்தையும் நிரப்பாமல், அசைகிற ஸ்வரத்துக்கு இடம் விட்டு வைப்பதுதான். எதை வாசிக்கக் கூடாது என்று தெரிய ராகம் தெரிந்திருக்க வேண்டும். ராமநாதனிடம் வீணை பயின்றவருக்கு அது தெரியும் என்பதால்தான் நான் அவர் பக்கம் சாய்கிறேன். அதே காரியத்தை ராகம் தெரியாதவர் செய்யும்போது, நாம் நிறையக் கேட்டிருக்கிறோம், குரலின் மேல் சிமெண்ட் பூசினது போல இருக்கும்.

ஆல்பம் வந்தது

பெருந்தொற்றுக் காலத்தில் இசைக் கலைஞர்கள் அவரவர் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தபோது, மெக்லாஃப்லின் சும்மா இருக்கவில்லை. 2021ல் வந்த அவருடைய ‘லிபரேஷன் டைம்’ ஆல்பமே ஒவ்வொருவரும் தனித்தனி ஊரில் வாசித்துச் சேர்த்ததுதான். அதே வழியில் ஷக்தியும் உருவானது: மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், அப்புறம் புதிதாக வயலினில் கணேஷ் ராஜகோபாலன், நம் ஊரில் கணேஷ்–குமரேஷ் என்றால் எல்லோருக்கும் தெரியும். வெளியிட்டது ஆப்ஸ்ட்ராக்ட் லாஜிக்ஸ் என்ற சின்ன நிறுவனம், இந்த வகை இசையை மட்டுமே நம்பி நடப்பது.

இதில் மூன்று முடிவுகளை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஸ்ரீனிவாஸின் இடத்துக்கு இன்னொரு மாண்டலினைத் தேடவில்லை. தேடியிருந்தால் அந்தப் பாவப்பட்ட கலைஞர் ஒவ்வொரு நொடியும் ஸ்ரீனிவாஸோடு ஒப்பிடப்பட்டிருப்பார், நாமே செய்திருப்போம். வயலினைக் கொண்டு வந்ததில் 1975ன் நினைவு ஒரு பக்கம் இருந்தாலும், கணேஷின் வில் எல். சங்கரின் வில்லைப் போலப் பேசவில்லை. ஸ்ரீனிவாஸுக்கு அஞ்சலியாக ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ என்றொரு உருப்படியை முதலிலேயே வைத்துவிட்டார்கள். அது ஒரு கணக்குத் தீர்த்தல் மாதிரி. அஞ்சலியைத் தொடக்கத்தில் செலுத்தியாகிவிட்டது, இனி மிச்ச ஏழு உருப்படியில் நாங்கள் நாங்களாக இருப்போம்.

அடுத்தது, பழைய உருப்படியைத் தொட்ட விதம். 2001ல் வந்த ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’யில் ஸ்ரீனிவாஸோடு வாசித்த ‘கிரிராஜ சுதா’, தியாகராஜரின் பங்காள ராகக் கீர்த்தனையை ஒட்டியது, இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பார்த்தேன். பழையதில் மேடையின் உஷ்ணம், கைதட்டலுக்கு ஏறும் வேகம். புதியதில் கிட்டார் முன்னுக்கு வராமல் பின்னால் நின்று நிறம் தீட்டுகிறது. வேகத்துக்காகவே பெயர் வாங்கியவர் வேகமாக வாசிக்காமல் இருக்கிற உரிமையை எடுத்துக்கொள்கிறார். கிட்டார் கூட்டம் ஏமாந்தது இங்கேதான். எனக்குத் தெரிந்த ஒருவர் ‘சோலோ எங்கே?’ என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

மூன்றாவது, அவரவர் ஊரிலிருந்தே பதிவு செய்வது என்ற முடிவு, இதில்தான் நான் அவர்களோடு முழுசாக உடன்படவில்லை. தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இரண்டு பேர் கோர்வையை (முடிவுக் கணக்கை) நெருங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், ஒருவர் கடைசி நொடியில் ஒரு கார்வையை (இடைவெளியை) நீட்டுவார், மற்றவர் அதைப் பிடித்துச் சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க இடத்தில், கொண்டுவந்து நிறுத்துவார், அரங்கமே ‘ஆஹா’ என்னும். முன்பே பதிவான டிராக்கின் மேல் வாசிக்கும்போது கோர்வை பிசகாது, ஆனால் பிசகிவிடுமோ என்ற பயமும் இருக்காது. ஆல்பத்தின் சில இடங்களில் தாளம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. அடுத்து உலகச் சுற்றுப்பயணத்தில் இதே உருப்படிகளை அவர்கள் மேடையில் வாசித்தபோது அந்தப் பயம் திரும்பி வந்தது, கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

2017ல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்து வாசித்தவர் இவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2023ல் ஷக்தியோடு மறுபடி அமெரிக்க மேடைகளில் இருந்தார். விடைபெற்றுவிட்டோமே, திரும்ப வந்தால் என்ன சொல்வார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

2024 பிப்ரவரி 4ஆம் தேதி ‘திஸ் மொமென்ட்’டுக்குச் சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. மறுநாள் இங்கே எல்லா சேனலிலும் செல்வகணேஷும் சங்கர் மகாதேவனும் கணேஷும்தான். பெருமையாக இருந்தது. ஆனால் விருதைப் பற்றிப் பேசிய அளவுக்கு இசையைப் பற்றி யாரும் பேசவில்லை, எட்டு உருப்படியையும் முழுசாகக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே தோன்றியது.

யாருக்கு இந்தச் சுதந்திரம்

கல்யாண ரிசப்ஷனில் லைட் மியூசிக் வாசிக்கும் ஒரு இளைஞரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணே, அவரு மாத்தி வாசிக்கலாம். நான் அந்த பிஜிஎம்மை ஒரு நோட்டு மாத்தினாலும் மாப்பிள்ளையோட மாமா மேடைக்கே வந்துடுவாரு.” அதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. சினிமா ரெக்கார்டிங்கில் உட்காரும் கிட்டார்காரருக்கும் இதேதான் நிலைமை, கால்ஷீட் நேரத்துக்குள் எழுதிக் கொடுத்ததைச் சுத்தமாக வாசித்துவிட்டு வர வேண்டும். அதற்கு அசாத்திய திறமை வேண்டும், ஆனால் அங்கே முடிவு எடுக்கிறவர் வேறு ஒருவர்.

மெக்லாஃப்லினுடைய வாழ்க்கையை இவருக்குப் பாடமாகக் காட்டுவது அநியாயம். இருந்தாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். 2023ல் அவருக்குக் கிடைத்த வசதிகளில் பாதி, வீட்டிலேயே பதிவு செய்வது, வேறு ஊரில் இருக்கிறவரோடு கோப்பு அனுப்பி வாசிப்பது, சின்ன லேபிளிலோ தானாகவோ வெளியிடுவது, இன்று அந்த இளைஞருக்கும் இருக்கிறது. இல்லாதது அவர் வெளியிட்டதை உட்கார்ந்து கேட்கிற ஆட்கள். ரிசப்ஷனில் அவர் வாசிக்கும் பழைய பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அவர் சொந்தமாகப் போட்ட மூன்று நிமிட டிராக்கைக் கேட்டிருப்பார்கள்? அந்தத் தட்டுப்பாட்டை உண்டாக்குவது எந்தக் கம்பெனியும் இல்லை.

2024 டிசம்பர் 15ஆம் தேதி ஜாகிர் உசேன் மறைந்தார். அந்த ஐவர் இனி ஒன்றாக வாசிக்க முடியாது. 1975லிருந்து கடைசி வரை குழுவில் கூடவே இருந்தவர்கள் ஜாகிரும் மெக்லாஃப்லினும் மட்டும்தான், இப்போது ஒருவர் மிச்சம். அவர் அடுத்து எதை வெளியிட்டாலும் அதில் ஜாகிரைத் தேடப்போகிறோம், அது இயல்பு. அவர் அதை நமக்குத் தர மறுத்தால், ஒருவேளை தாளமே இல்லாத ஒரு ஆல்பத்தைப் போட்டால், அதையும் முழுசாகக் கேட்க வேண்டும் என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

இதுவரை கேட்காதவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். 1976ன் முதல் ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அதைக் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதோடு போட்டி போடும். ‘திஸ் மொமென்ட்’டில் ‘மோகனம்’ என்றே பெயர் வைத்த உருப்படி ஒன்று இருக்கிறது. முதலில் அதை, குரலையும் வயலினையும் விட்டுவிட்டு அடியில் கிட்டார் என்ன வைக்கிறது என்று மட்டும் கவனித்து, இரண்டு தடவை கேளுங்கள். அப்புறம் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’. 1976ன் முதல் ஆல்பம் கடைசியில்.